தன்மைகாட்டி மைனஸில் வந்தால் பேனாவை மூடாதீர்கள்

ய + 5/ய = 2 என்ற கணக்கை எடுங்கள். ய-ஆல் பெருக்கினால் ய² − 2ய + 5 = 0. தன்மைகாட்டி (b² − 4ac, தீர்வுகள் எப்படிப்பட்டவை என்று காட்டும் எண்) 4 − 20 = −16. இங்கேதான் பலர் 'தீர்வு இல்லை' என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுவார்கள். இல்லாதது மெய்த்தீர்வு மட்டும்தான். கலப்பெண்களில் (√−1 சேர்ந்த எண்களில்) 1 + 2√−1, 1 − 2√−1 என இரண்டு தீர்வுகள் உண்டு.

சரிபார்க்க வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டையும் பெருக்கினால் 5. அதனால் ஒன்றை ய என்று வைத்தால் 5/ய மற்றொன்றாகிவிடும். கூட்டுங்கள், 2 வரும்.

பின்னத்தின் பகுதியில் (கீழே) ய, ய − 3 மாதிரி இருந்தால் பயமில்லை, கலப்பெண் தீர்வு அதைப் பூச்சியமாக்காது. ய² + 4 இருந்தால்தான் உஷார்! ய²/(ய² + 4) = −4/(ய² + 4) என்பதில் கிடைக்கும் ±2√−1, பகுதியையே பூச்சியமாக்கிவிடும். 'தீர்வு இல்லை' என்று இதற்குத் தாராளமாக எழுதலாம்.