வானூர்தி ரேடாரின் வாழ்நாள் செலவைப் பழுதுக் கணக்கிலிருந்து போடுவது எப்படி?

நெல்லை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் மின்னணுவியல் படித்துவிட்டுப் பாதுகாப்புத் துறையில் வேலை தேடும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேடார் ஒன்றின் உண்மையான செலவு, வாங்கிய விலையைக் காட்டிலும், பயன்பாட்டுக் காலத்தில் அது எத்தனை முறை பழுதாகிறது என்பதையே பெரிதும் பொறுத்தது.

முதலில் பறக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். 10 போர் விமானங்கள் ஆண்டுக்குத் தலா 300 மணி நேரம் பறந்தால் மொத்தம் 3,000 மணி (இங்கே வரும் தொகைகளும் மணிக்கணக்கும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை). பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரமான எம்.டி.பி.எஃப். 100 மணியானால் ஆண்டுக்கு 30 பழுதுகள்; 200 மணியானால் 15. ஒரு பழுதைக் கழற்றிச் சோதித்துச் சீர்செய்ய 5 லட்சம் ரூபாய் ஆகுமென்றால் ஆண்டுக்கு 75 லட்சமும், 20 ஆண்டுகளில் 15 கோடியும் மிச்சமாகும்.

நம்பகமான ரேடாருக்கு விமானத்துக்கு 1 கோடி வீதம் 10 கோடி கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றால், வாங்கிவிடலாம் என்றே தோன்றும். ஆனால் அந்த 10 கோடியை இன்றே கொடுக்கிறோம். மிச்சமோ ஆண்டுதோறும் சிறுகச் சிறுகத்தான் வருகிறது. 8 விழுக்காடு வட்டியில் அதன் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 7.4 கோடிதான். பலரும் இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு, மலிவான ரேடாரே போதும் என்று எழுதிவிடுகிறார்கள்.

விட்டுப்போனது உதிரிக் கையிருப்பு. சீர்செய்யப்போன ரேடார் பெட்டி (கழற்றி மாட்டும் மின்னணுப் பகுதி) திரும்ப மூன்று மாதமாகுமானால், 30 பழுதுகளுக்கு எந்நேரமும் சராசரியாக 7.5 பெட்டிகள் பணிமனையில் கிடக்கும். 15 பழுதுகளுக்கு அதில் பாதி. ஆகவே 8 உதிரிகளுக்குப் பதில் 4 போதும். பெட்டி ஒன்று 1.5 கோடியானால் தொடக்கத்திலேயே 6 கோடி மிச்சம். மொத்த ஆதாயம் 13.4 கோடியாகிறது.

விமானம் தரையில் நிற்கும் இழப்பையும், அது எப்போது நிற்கிறது என்பதைப் பொறுத்துத் தனியாகக் குறியுங்கள். பணகுடிப் பக்கத்துக் காற்றாலை ஆடிக் காற்றில் நின்றால் வரும் நட்டமும் மார்கழியில் நின்றால் வரும் நட்டமும் ஒன்றல்ல என்பது நம் ஊரார்க்குத் தெரியும்.

ரேடாரின் வகையையும் பாருங்கள். ஒரே அலைபரப்பிக் குழாயை நம்பியுள்ள பழைய ரேடாரில் அது போனால் எல்லாம் போயிற்று. தேஜஸ் போர் விமானத்துக்காகப் பெங்களூருவிலுள்ள பாதுகாப்பு ஆய்வகமான எல்.ஆர்.டி.இ. உருவாக்கிய உத்தம் போன்ற ஏசா ரேடார்களிலோ (பல சிறு அலைபரப்பிகள் சேர்ந்து இயங்கும் வகை) நூற்றுக்கணக்கான மாட்யூல்களில், அதாவது அந்தச் சிறு அலைபரப்பி அலகுகளில், சில செத்தாலும் திறன் சற்றுக் குறையுமே தவிர வேலை நிற்காது. எனவே எதைப் பழுது என்று எண்ணுகிறீர்கள் என்பதை முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும்.

விற்பவர் தரும் எம்.டி.பி.எஃப். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிர்வும் வெப்பமும் ஈரமும் சேரும்போது களத்தில் அது குறைவது வழக்கம். குறையில்லாத பெட்டிகளைச் சந்தேகத்தின் பேரில் கழற்றி அனுப்புவதும் பணிமனைச் செலவைக் கூட்டும். மேலே சொன்ன கணக்கிலேயே 200 மணி 150 ஆகச் சரிந்தால் உதிரிகள் 5 வேண்டும், ஆதாயம் 9.4 கோடியாகக் குறையும், கூடுதலாகக் கொடுத்த 10 கோடி திரும்பாது. அது திரும்ப ஏறக்குறைய 160 மணியாவது வேண்டும். ஆகவே 160 மணிக்குக் குறையாத எம்.டி.பி.எஃப்.ஐக் களத்தில் காட்டும் பொறுப்பை விற்பவர் ஏற்கும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.