‘பரவாயில்லை’க்கு எத்தனை மார்க்? தமிழில் கருத்துப் பாரம் (படிவம்) தயாரிக்கும் முறை

பினாங்குத் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் தண்ணீர்ப் பந்தல் குழுவில் ஒரு வேலையை என் தலையில் கட்டினார்கள். “தம்பி, நீதான் தமிழ் எழுதுவே. வர்றவங்ககிட்ட கருத்து கேக்க ஒரு பாரம் அடிச்சுக் குடு.” கையில் ஒரு மலாய்ப் பாரம் இருந்தது. அதைப் பார்த்து நான்கு கட்டம் போட்டேன்: நன்று, போதும், பரவாயில்லை, மோசம். அரை மணி நேர வேலை.

ஜாலான் உத்தாமாவில் பந்தலைப் பிரித்த பிறகு பாரங்களைப் புரட்டினால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்த முறை திருத்தி எழுதினேன். அந்த வழி இது. பந்தலுக்கு மட்டுமல்ல, கல்யாணச் சாப்பாடு, டியூஷன் வகுப்பு, அடுக்குமாடி லிஃப்ட் எதற்கும் ஒத்துவரும்.

படி 1: கேள்வியை உடைக்கவும்

“மோர் எப்படி?” என்று கேட்காதீர்கள். ருசியா, அளவா, நேரத்துக்குக் கிடைத்ததா? ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான்.

படி 2: எந்தக் குடும்பத்துச் சொல் வேண்டும்?

அளவுக்கு: தாராளம், போதும், போதாது. பேச்சில் ‘பத்தாது’ என்போம். பற்றாக்குறையில் இருக்கும் அதே ‘பற்று’தான்.

தரத்துக்கு: அருமை, நல்லது, சுமார், மட்டம்.

பயனுக்கு: கைகொடுத்தது, உதவியது, ஒப்புக்கு இருந்தது, உதவவில்லை.

இந்த மூன்றையும் ஒரே வரிசையில் கலந்ததுதான் என் முதல் தப்பு. ‘நன்று’ தரம், ‘போதும்’ அளவு. மோர் தாராளமாகக் கிடைத்து, ஆனால் புளித்திருந்தால் மனுஷன் எந்தக் கட்டத்தில் டிக் போடுவான்?

‘போதும்’ விஷயத்தில் இன்னொன்று. அது ‘-க்கு’ இல்லாமல் நிற்காது. எனக்குப் போதும், நூறு பேருக்குப் போதும், சாயந்திரம் வரைக்கும் போதும். ‘க்கு’வை எடுத்துவிட்டு ‘நான் போதும்’ என்றால் ஆளே மாறிவிடும். வேறு யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். தனியாக ‘போதும்’ என்று மட்டும் எழுதினால், கப்பின் மேல் உள்ளங்கையை வைத்து மூடுகிறோமே, அந்தப் ‘போதும்’தான் கண்ணில் படும். நிறுத்து என்று பொருள். மோர்க் கேள்விக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டு, யாரும் அதைத் தொடவில்லையே என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

படி 3: ‘பரவாயில்லை’யைத் தூக்கி எறியவும்

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலுதவி மேசைக்கு ஒரு பாட்டி ‘பரவாயில்லை’ போட்டிருந்தார். மலாய்ப் பாரத்தில் அந்த இடத்தில் ‘செடர்ஹானா’ இருந்ததால் நான் அதை நடுத்தரம் என்று எண்ணி வைத்திருந்தேன். தெரிந்த பாட்டிதான், கேட்டேன். “கால் கொப்புளத்துக்கு அந்தப் புள்ள உக்காந்து மருந்து போட்டுவிட்டுச்சுப்பா. பரவாயில்லையே, இந்தக் காலத்துப் புள்ளைங்களும் இப்படி இருக்கேன்னு நெனச்சேன்.” அது முழுப் பாராட்டு!

அதே கட்டத்தில் டிக் போட்ட ஒரு கல்லூரிப் பையன்: “சேர் இல்ல அண்ணே, வெயில்ல நின்னோம். பரவால்ல, விடுங்க.” இது குறை. நாகரிகமாகச் சொன்ன குறை. மூன்றாவது ஒருவர் மோரே குடிக்கவில்லை. “வேணுமா?” என்று கேட்டதற்குச் சொன்ன ‘பரவாயில்லை’யைப் பாரத்திலும் போட்டுவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் குற்றம் அவர்கள் மேல் இல்லை. பாரசீகத்தில் ‘பர்வா’ என்றால் கவலை. உருது வழியாக நம்மிடம் வந்தது. ‘கவலையில்லை’ என்று ஒருவர் சொன்னால் அவர் மனநிலை தெரியும், நாற்காலியின் நிலை தெரியாது. ‘சுமார்’ என்பதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான், எண்ணிக்கை என்று பொருள். ‘சுமார் நூறு பேர்’ என்றால் யாருக்கும் வருத்தமில்லை. ‘மோர் சுமார்’ என்றால் மோர் ஊற்றிய அக்காவுக்கு முகம் வாடிவிடும்.

‘தேவலை’ நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஒப்பிட ஆள் வேண்டும். “போன வருஷத்துக்கு இந்த வருஷம் தேவலை” என்று எழுதலாம், வெறும் ‘தேவலை’ வேண்டாம். மலாயில் ‘மோசமில்லை’ என்பதற்குச் சொல்லும் ‘போலே தஹான்’ என்றே போட்டுவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். நம்ம ஊரில் புரியாதவர் கிடையாது. குழுவின் பெரியண்ணன் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

படி 4: சொல்லை எடுத்துவிட்டு வாக்கியம் போடவும்

யாருக்கு, எதற்கு என்ற இரண்டும் அந்த வாக்கியத்தில் வரவேண்டும். இப்போது எங்கள் பாரம் இப்படி:

மோர்: ஒரு கப் எனக்குப் போதுமாக இருந்தது / இன்னொரு கப் தேவைப்பட்டது / எனக்குக் கிடைக்கவில்லை.

நாற்காலி: கால் வலிக்கு உட்கார முடிந்தது / இருந்தது, காலி இல்லை / நான் பார்க்கவே இல்லை.

நடுக் கட்டத்தைக் கவனியுங்கள். “யானைப் பசிக்குச் சோளப்பொரி” என்கிறோமே, அந்த நிலைமை அங்கேதான் பிடிபடும். பொருள் இருக்கிறது, ஆனால் பத்தவில்லை.

படி 5: அச்சடிக்கும் முன் வாய்விட்டுப் படிக்கவும்

ஒரு வயதானவரிடமும் ஒரு பதின்ம வயதுப் பிள்ளையிடமும் படித்துக் காட்டுங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டால் அச்சுக்கு அனுப்பலாம்.

கூகுள் ஃபார்ம் வேண்டாம் என்பேன். பால்குடம் தூக்கி, மலைக்கோயிலின் 513 படி ஏறி இறங்கி வந்தவரிடம் க்யூஆர் கோடை நீட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தடித்த காகிதம், நூலில் கட்டிய பேனா (கட்டாவிட்டால் பேனா போய்விடும்). தட்டச்சுக்குச் செல்லினம் செயலி, நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன் செய்தது என்பதால் மட்டும் சொல்லவில்லை, எனக்குக் கை பழகியது அது. அகராதி பார்ப்பதென்றால், சொல் எங்கிருந்து வந்தது என்று அறிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன், இன்று எப்படிப் புழங்குகிறது என்று அறிய க்ரியா. இரண்டாவதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருப்பதால் எனக்கு அதுதான் அதிகம் உதவியது.

கடைசியில் ‘வேறு ஏதாவது?’ என்று ஒரு கோடு விடுங்கள். எங்களுக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான கருத்து அந்தக் கோட்டில்தான் வந்தது: “மோர்ல உப்பு பத்தல.”

பின்சேர்க்கை 1: செந்தூலிலிருந்து ஓர் ஆசிரியை ‘போதிய’ என்று போடலாமே என்று எழுதியிருந்தார். போடலாம், ஆனால் அது பெரும்பாலும் ‘இல்லை’யோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்: போதிய இடமில்லை, போதிய வெளிச்சமில்லை. பாரத்தில் பார்த்தவுடனே குறை சொல்வதுபோல் இருக்கும். ‘போதுமான’ அந்த அளவுக்கு முகம் சுளிக்காது.

பின்சேர்க்கை 2: மலாய்ப் பாரத்தில் ‘லாயாக்’ என்று வந்தால் ‘லாயக்கு’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவைதான். ஆனால் மலாயில் அது ‘விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்’ என்கிற மரியாதையான அலுவலகச் சொல். நம்மிடம் அது பெரும்பாலும் “எதுக்குமே லாயக்கில்ல” என்று திட்டும்போதுதான் வாயில் வருகிறது. ஒரு வாசகர் உதவித்தொகைப் பாரத்தில் “நீங்கள் லாயக்கானவரா?” என்று அடித்துவிட்டு, கொடுத்த பாரங்களையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கியிருக்கிறார். ‘தகுதி’ என்று போடுங்கள்.