குக்கியில் எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது: சர்வர் பக்கம் எழுதுகிறவர்களுக்கு

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கோ தேக்கடி ஜீப் சவாரிக்கோ வெப்சைட் செய்து கொடுக்கப் போனால் முதலில் வரும் தலைவலி மொழிதான். கம்பம், கூடலூரிலிருந்து மலையேறி வருகிறவருக்குத் தமிழ் வேண்டும், கட்டப்பனைக்காரருக்கு மலையாளம், வெளியூர் டூரிஸ்ட்டுக்கு ஆங்கிலம். ஐபி முகவரியை வைத்து ஆள் எந்த மாநிலம் என்று கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். எல்லையில் அது எடுபடாது. தெருவின் இந்தப் பக்கம் நின்றால் கேரளா டவர், அந்தப் பக்கம் நகர்ந்தால் தமிழ்நாடு டவர், அதிலும் மொபைல் நெட்வொர்க்கின் ஐபி எங்கோ இருக்கிற ஒரு பெரிய நகரத்தைத்தான் காட்டும். பிரவுசர் தானாக அனுப்பும் விருப்ப மொழித் தகவலும் உதவாது, நம் ஆட்களில் பாதிப்பேர் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பார்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் வழி. அந்த ஞாபகத்துக்குத்தான் குக்கி, அதாவது பிரவுசரில் சர்வர் வைத்துவிடும் ஒரு சின்னக் குறிப்பு.

சர்வருக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு பக்கக் கோரிக்கையும் அதற்குப் புதிய ஆள்தான். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மோண்டுல்லி 1994இல் இதற்கு ஒரு வழி செய்தார்: சர்வர் பதில் அனுப்பும்போது செட்-குக்கி என்ற ஹெடரில் (பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரி) ஒரு பெயரும் மதிப்பும் வைத்து அனுப்பும், பிரவுசர் அதைச் சேமித்து, அடுத்த முறை அதே தளத்துக்கு வரும்போது குக்கி என்ற ஹெடரில் திருப்பி அனுப்பும். திரும்பி வருவது பெயரும் மதிப்பும் மட்டும்தான். எப்போது காலாவதி ஆகும், எந்தப் பாதைக்கு உரியது என்பதெல்லாம் பிரவுசரோடு நின்றுவிடும், சர்வர் அதைப் படிக்க முடியாது.

மலிவான ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் சர்வரில் ஓடும் நிரல்மொழி பிஎச்பிதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். செட்குக்கி ஃபங்ஷனை, பக்கத்தின் ஒரு எழுத்துகூட வெளியே போவதற்கு முன்னால் கூப்பிட வேண்டும், ஏனென்றால் ஹெடர் முதலில் போக வேண்டிய சமாசாரம். ஃபைலின் தொடக்கத்தில் பிஎச்பி குறிக்கு முன்னால் ஒரு காலி வரி இருந்தாலே ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது என்று எச்சரிக்கை வரும். இதில் பெரிய வேடிக்கை, உங்கள் லேப்டாப்பில் அவுட்புட் பஃபரிங் (பக்கத்தை உடனே அனுப்பாமல் சேர்த்து வைத்து அனுப்புவது) ஆன் ஆகியிருந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும், அது ஆஃப் ஆகியிருக்கும் ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் படுத்துவிடும். இன்னொன்று, குக்கியை வைத்த அதே கோரிக்கையிலேயே அதைப் படித்துப் பார்த்தால் இருக்காது, அடுத்த கோரிக்கையில்தான் பிரவுசர் அனுப்பும். ஆகவே மொழி பட்டனை அழுத்தியதும் குக்கியை வைத்து, அதே பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்துவிடுங்கள், அதாவது பிரவுசரை அங்கே மறுபடி போகச் சொல்லுங்கள்.

மதிப்பாகத் ‘தமிழ்’ என்று எழுத ஆசை வரும். பிஎச்பி அதைச் சதவீதக் குறி போட்டு மாற்றி அனுப்பும், அந்த ஒரு சொல்லே 45 எழுத்து ஆகிவிடும். ஒரு குக்கிக்கு ஏறத்தாழ 4096 பைட்தான் இடம், தவிர அது ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் சேர்ந்தே போய்வரும், ஒற்றைக் கோடு சிக்னலில் திணறும் எஸ்டேட் பக்கத்தில் அது சும்மா சுமை. இரண்டெழுத்து மொழிக் குறியீடு போதும்.

திரும்பி வரும் மதிப்பை அப்படியே நம்பாதீர்கள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து குக்கியை மாற்றத் தெரியாத காலேஜ் பையன் இன்று கிடையாது. குக்கியில் வந்த மதிப்பையே ஃபைல் பெயரில் ஒட்டி மொழி ஃபைலை இன்க்ளூட் செய்கிற (உள்ளே சேர்த்து ஓட்டுகிற) கோடு இன்னும் ஊரெல்லாம் இருக்கிறது, அது சர்வரில் இருக்கும் வேறு ஃபைல்களுக்குக் கதவு திறந்து வைத்த மாதிரி. உங்களிடம் இருக்கும் மூன்று குறியீடுகளில் ஒன்றா என்று பாருங்கள், இல்லையென்றால் இயல்பு மொழிக்குப் போங்கள், அவ்வளவுதான்.

காலாவதியில் ஒரு பொறி உண்டு. செட்குக்கி கேட்பது இன்னும் எத்தனை விநாடி என்பதை அல்ல, எந்த நேரம் என்பதை, அதுவும் 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிக் கணக்கில். ஒரு வருடம் என்று நினைத்து 31536000 என்று மட்டும் கொடுத்தால் அது 1971 ஜனவரி முதல் தேதி, பிரவுசர் அந்த நொடியே அழித்துவிடும். இப்போதைய நேரத்தோடு கூட்டிக் கொடுங்கள். ரொம்ப நீளமாகக் கொடுத்தும் பயனில்லை, குரோம் 2022இலிருந்து 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. பாதையை வெறும் சாய்கோடாக (/) வையுங்கள். விட்டுவிட்டால் எந்த ஃபோல்டரில் வைத்தீர்களோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், அப்புறம் ஒரே பெயரில் இரண்டு குக்கி உட்கார்ந்துகொண்டு உங்களைக் குழப்பும்.

சரி, கடைக்கு வருவோம். ஏலக்காய் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்பதைக் குக்கியில் வைத்தால் வாடிக்கையாளரே விலையைத் திருத்திக்கொள்வார். குக்கியில் இருக்க வேண்டியது சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி ஒரு எண் மட்டும், அதுவும் யாராலும் ஊகிக்க முடியாத நீளமான எண். சாமான் உங்கள் டேட்டாபேஸில் இருக்கட்டும், விலையை சர்வர் கணக்குப் போடட்டும். பிஎச்பியின் செஷன் இதைத்தான் செய்கிறது. லாகின் ஆன உடனே செஷன் எண்ணைப் புதிதாக மாற்றிவிடுங்கள், லாகினுக்கு முன்பே ஒருவர் அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் உள்ளே நுழைந்துவிடுவார்.

குக்கியோடு சேர்த்துப் போடும் மூன்று கொடிகளை (ஃப்ளாக்) மறக்காதீர்கள். ஹெச்டிடிபி-ஒன்லி போட்டால் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் குக்கியைப் படிக்க முடியாது. செக்யூர் போட்டால் பூட்டுள்ள (https) இணைப்பில் மட்டும் போகும். மூன்றாவது சேம்சைட், வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்பதைச் சொல்வது, இதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதை லேக்ஸ் (Lax) என்று வைத்தால் வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் (படிவம் அனுப்பும் முறை) வரும் கோரிக்கையோடு குக்கி போகாது. போலிக் கோரிக்கைகளைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில பேமென்ட் கேட்வேக்கள் (பணம் வசூலித்துத் தரும் தளங்கள்) பணம் கட்டி முடித்ததும் போஸ்ட் முறையில்தான் உங்கள் தளத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன, அப்போது செஷன் குக்கி வராது, வாடிக்கையாளர் லாகின் ஆகாத ஆளாகத் தெரிவார், பணம் போனது ஜீப் புக் ஆகவில்லை என்று கடைக்குப் போன் வரும். சேம்சைட்டை எழுதாமலே விட்டால் குரோம் அதை லேக்ஸாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஆனால் புதிதாக வைத்த குக்கிக்கு இரண்டு நிமிடம் சலுகை தரும், அதனால் வேகமாகப் பணம் கட்டியவருக்குச் சரியாக வரும், ஓடிபிக்குக் காத்திருந்தவருக்கு வராது. இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இதற்காகச் சேம்சைட்டை நன் (None, எங்கிருந்து வந்தாலும் அனுப்பு) என்று தளர்த்தாதீர்கள். திரும்பி வரும் பக்கம் செஷனையே கேட்காமல் கேட்வேயின் டிஜிட்டல் கையெழுத்தையும் ஆர்டர் எண்ணையும் சரிபார்த்து முடித்துவிட்டு, கெட் முறையில் (லிங்க்கை அழுத்தித் திறப்பது போல) திறக்கும் சாதாரண பக்கத்துக்கு 303 ரீடைரக்ட் கொடுக்கட்டும், அங்கே லேக்ஸ் குக்கி வந்து சேரும்.

மொழி விஷயத்தில் கடைசியாக ஒன்று. கூகுளின் ரோபோ ஒரு பக்கத்தில் வாங்கிய குக்கியை அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போகாது, ஆகவே மொழி குக்கியில் மட்டும் இருந்தால் உங்கள் தமிழ்ப் பக்கங்கள் தேடலில் வரவே வராது. நடுவில் கேஷ் (பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு) இருந்தால் மலையாளப் பக்கத்தைச் சேமித்து வைத்துத் தமிழ்க்காரருக்கும் அதையே நீட்டும். மொழி பக்கத்தின் முகவரியிலேயே (URL) இருக்கட்டும், முகப்புக்கு வருகிறவரை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதற்கு மட்டும் குக்கியைப் பாருங்கள்.

லாக்அவுட்டில் குக்கியை அழிப்பது என்றால் அதே பெயர், அதே பாதை, அதே டொமைனில் கடந்துபோன ஒரு நேரத்தைக் கொடுப்பது. பாதை மாறினால் அழியாது. அதோடு சர்வரில் இருக்கும் செஷனையும் அழியுங்கள், கடை கவுன்ட்டரில் நாலு பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் இடத்தில் இதை விட்டால் அடுத்தவர் முதலாளி கணக்கிலேயே பில் போட்டுக்கொண்டிருப்பார்.