பச்சோந்தி சாப்பிட மறுக்கிறதா? பூச்சியை மாற்றும் முன் கூண்டைப் பாருங்கள்

எங்கள் வீட்டுச் சுப்பு ஒரு ஜனவரி மாதம் 9 நாளுக்கும் மேல் பட்டினி கிடந்தான். சுவர்க்கோழி விட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டுக்கிளி விட்டேன். ஒரு கண்ணை மட்டும் அதன் பக்கம் உருட்டிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அந்த வாரம் பூச்சிக் கடைக்கு மூன்று தடவை ஓடினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு பூச்சியிலும் இல்லை, சுப்புவிடமும் இல்லை. அந்தக் கதை மூன்றாம் படியில் வருகிறது.

சுப்பு ஒரு யேமன் பச்சோந்தி. யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையிலும் வாழும் இனம். நான் இருக்கும் லண்டனில் வீட்டில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள். அமெரிக்கர்கள் இதையே ‘வெயில்டு கமீலியன்’ என்பார்கள். நம்மூர் வெயிலுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, முக்காடு என்று பொருள். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த இனத்துக்குத்தான். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலியோரம் பார்க்கும் நம் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

படி 1: வயதையும் நாளையும் கணக்குப் போடுங்கள்

வளர்ந்த பச்சோந்திக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலைந்து பூச்சி போதும். அது ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் உடனே பதற வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் கதை வேறு. அது தினமும் தின்ன வேண்டியது. இரண்டு மூன்று நாள் வாய் திறக்காவிட்டால் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள். புதிதாக வாங்கி வந்தது சில நாள் முரண்டு பிடிக்கும். தோல் உரியும் நாட்களிலும் பசி குறையும்.

சமையலறைத் தராசில் ஒரு குச்சியை வைத்து, அதன் மேல் ஏற்றி எடை பாருங்கள். வாரம் ஒருமுறை கிராம் கணக்கில் குறித்து வைத்தால், மெலிகிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டியதில்லை.

படி 2: கண்ணைப் பாருங்கள்

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பச்சோந்தி தூங்கவில்லை, அதற்கு உடம்பு சரியில்லை. கண் குழி விழுந்திருப்பது, வாயோரம் வீக்கம் அல்லது சீழ், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கால் வளைந்து கிளையைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவது, நாக்கை நீட்டிவிட்டு உள்ளே இழுக்க முடியாமல் திணறுவது: இதில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் படிக்குப் போங்கள்.

படி 3: சூட்டை அளந்து பாருங்கள்

சுப்புவின் கூண்டுச் சுவரில் வட்டமான ஒட்டுத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. எப்போது பார்த்தாலும் 29 காட்டும். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள், கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, அவன் குளிர்காயும் கிளையிலேயே, அவன் முதுகு இருக்கும் உயரத்தில் கட்டிவிட்டுப் பார்த்தேன். 23 டிகிரி! ஜன்னலோரம் கூண்டு, வெளியே பனி, விளக்குக் கொடுத்த சூட்டைக் கண்ணாடி வழியாக வந்த குளிர் தின்றுகொண்டிருந்தது.

பச்சோந்தியின் உடம்பு தானாகச் சூடாகாது. குளிரிலும் நாக்கு பாய்ந்துவிடும், ஏனென்றால் அது இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி வேலை செய்கிறது. திரும்ப உள்ளே இழுக்கத் தசை வேண்டும், அதுதான் குளிரில் மந்தமாகிவிடும். தின்றது செரிக்கவும் சூடு வேண்டும். வயிற்றில் போன வாரப் பூச்சி அப்படியே கிடந்தால் யாருக்குத்தான் பசிக்கும்?

விளக்கின் கீழ்க் கிளையில் 29 முதல் 32 டிகிரி வரை இருக்கட்டும். பெண்ணுக்கு 27 போதும். கூண்டின் அடிப்பகுதி 22, 23 என்று குளிர்ச்சியாகவே இருக்கட்டும், சூடு அதிகமானால் ஒதுங்க இடம் வேண்டுமே. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள், சிவப்பு விளக்கு உட்பட. அறை 18 டிகிரிக்கு இறங்கினாலும் தாங்கும். நான் கூண்டை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஒரு வெட்டுக்கிளி காலி.

படி 4: புற ஊதா விளக்கின் வயது

எரிகிறது என்பதால் அது வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. குழல்விளக்கில் வெளிச்சம் அப்படியே இருக்க, புற ஊதா பி கதிர் மட்டும் குறைந்துகொண்டே வரும். வருடம் ஒருமுறையாவது மாற்றுங்கள். வாங்கிய தேதியை அதன் முனையிலேயே எழுதி ஒட்டிவிடலாம். ஜன்னல் வழியே வரும் வெயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. இந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேராது. எலும்பு மட்டுமல்ல, நாக்கின் பலமும் போய்விடும். அப்புறம் பூச்சியைக் குறி வைக்கும், ஆனால் நாக்கு எட்டாது.

படி 5: தண்ணீர்

கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் தண்ணீர் என்றே உணர்வதில்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, கூண்டின் மேல் வைத்து, இலை மேல் சொட்டுச் சொட்டாக விழ விடுங்கள். கீழே ஒரு ஏனம் வையுங்கள். விளக்குப் போடும் முன் காலையிலும், அணைத்த பிறகு இரவிலும் இரண்டு நிமிடம் தண்ணீர் தெளிக்கலாம்.

குடிக்கிறதா என்பதை எச்சம் சொல்லிவிடும். பழுப்புப் பகுதியோடு ஒட்டியிருக்கும் உப்புக்கட்டி வெள்ளையாக இருந்தால் நல்லது. முழுக்க ஆரஞ்சு என்றால் தண்ணீர் போதவில்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடுகளில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

படி 6: யார் பயமுறுத்துகிறார்கள்?

பூனை, எதிரே இன்னொரு பச்சோந்தி, கண்ணாடியில் தெரியும் தன் உருவமே, தினமும் எடுத்துக் கொஞ்சும் குழந்தைகள்... எதுவும் காரணமாக இருக்கலாம். கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். உட்காரும் கிளை நம் கண் மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். மணி பிளாண்ட் கொடியை அடர்த்தியாக வளர்த்து மறைவு கொடுங்கள். பூச்சியைப் போட்டுவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டு நிற்காமல் நகர்ந்துவிடுங்கள்.

படி 7: பெண்ணா? முட்டையை மறக்காதீர்கள்

ஆணே இல்லாமலும் பெண் முட்டை போடும், ஒரே தடவையில் இருபது, முப்பது, அதற்கு மேலும். வயிறு உப்பி, சாப்பாட்டை நிறுத்தி, கூண்டின் அடியில் அங்குமிங்கும் அலைந்தால் அது இடம் தேடுகிறது. ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய வாளியை உள்ளே வைத்து, கூண்டைத் துணியால் மறைத்துவிடுங்கள். குழி தோண்டும்போது எட்டிப் பார்த்தால் பாதியிலேயே விட்டுவிடும். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

படி 8: இப்போதுதான் பூச்சி

மேலே சொன்னதெல்லாம் சரி என்றால் சுவை அலுத்திருக்கலாம். இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். சுவர்க்கோழியே தின்று சலித்ததற்குப் பட்டுப்புழுவோ டுபியா கரப்பானோ கொடுத்துப் பாருங்கள். மெழுகுப்புழு வேண்டாம், அது குழந்தைக்கு மிட்டாய் காட்டுவது போல, அப்புறம் வேறெதையும் தொடாது. கால்சியம் பொடியைப் பஜ்ஜி மாவு மாதிரி அப்பாமல் லேசாகத் தூவுங்கள். தின்னாத சுவர்க்கோழியை இரவுக்குள் பிடித்து எடுத்துவிடுங்கள், தூங்கும் பச்சோந்தியை அது கடிக்கும்.

வாயைப் பிளந்து ஊட்டுவதை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். தாடையும் நாக்கும் அடிபடும், மூச்சுக்குழாயில் போனால் அதோடு சரி.

படி 9: மருத்துவரிடம்

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, எல்லாம் சரிசெய்தும் வளர்ந்தது இரண்டு வாரம் தின்னாவிட்டாலோ ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் போதாது. 24 மணி நேரத்துக்குள் போட்ட எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள், குடற்புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எடை எழுதிய தாள், கூண்டின் போட்டோ, விளக்கு வாங்கிய தேதி இவையும் கையில் இருக்கட்டும். பச்சோந்தியை மூடியுள்ள பெட்டியில் ஒரு கிளையோடு வைத்து, மேலே துணி போட்டு எடுத்துச் செல்லுங்கள். இருட்டில் அது அமைதியாகப் பிடித்துக்கொண்டு வரும்.