வீட்டு பியருக்குத் திரும்புகிறீர்களா? முதலில் அறையின் சூட்டைப் பாருங்கள்

பிள்ளை பிறந்ததும் மூட்டை கட்டி வைத்த பியர் சாமான்களை ஆறு வருடம் கழித்து, வீட்டுக்குள்ளேயே இருக்கிற பாம் ஷெல்டர் அறையிலிருந்து வெளியே எடுத்தபோது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: எனக்குப் பிடித்த ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் பூவின் கசப்பும் மணமும் தூக்கலான பியர். போட்டேன். வழக்கமான அமெரிக்க ஏல் ஈஸ்ட், அறையில் 29 டிகிரி, மறுநாள் காலையிலேயே வாளி மூடியில் வாயு வெளியேற வைக்கிற ஏர்லாக் படபடவென்று அடித்துக்கொண்டது, எனக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை. அரை கிளாஸுக்கே தலைவலி. மொத்தத்தையும் சிங்கில் ஊற்றினேன், மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

ஆகவே திரும்ப வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் எந்த மூலை எத்தனை டிகிரி இருக்கிறது என்பதுதான். என்ன பியர் பிடிக்கும் என்பதை அப்புறம் பேசலாம். இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் சோம்பிக் கிடக்கிற மாவு, இங்கே சிங்கப்பூரில் சாயங்காலம் கரைத்துவைத்தால் படுக்கப் போவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிகிறது. பியரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட்டும் அப்படித்தான். அதுவும் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும், அறை 29 என்றால் வாளிக்குள் 32, 33 வரை போகும். 18 முதல் 22 டிகிரி வரை ஒழுங்காக இருக்கிற ஈஸ்ட்டை அந்தச் சூட்டில் விட்டால், வேண்டாத கன ஆல்கஹாலையும் எஸ்டர் என்கிற வாசனைப் பொருளையும் கக்கிவிட்டுப் போய்விடும். ஈரத்துணி சுற்றி மின்விசிறி வைத்தால் குளிரும் என்று எழுதியிருப்பார்கள், காய்ந்த காற்று உள்ள ஊர்களுக்கு அது சரி. நம் ஊர்க் காற்றில் துணி காயவே மாட்டேன் என்கிறதே, எங்கே குளிரும்?

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. சிங்கப்பூரில் 18 வயது ஆனவர்கள் சொந்தக் குடிப்புக்காக வீட்டிலேயே பியர் போடலாம், உரிமம் வேண்டாம், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரைதான். விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கவே கூடாது. எப்படியும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிச் சமையலறையில் ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் போடுவது முதுகுக்கு நல்லதில்லை.

பழைய சாமான்களில் எதை வைத்துக்கொள்வது? பிளாஸ்டிக் குழாய்களைத் தூக்கிப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வாளியின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள், கீறல் தட்டினால் அதில் அரிசி போட்டு வைத்துக்கொள்ளலாம், பியருக்கு ஆகாது, கீறலுக்குள் ஒளிந்திருக்கிற கிருமியை எந்த சானிடைசரும் தொடாது. பழைய மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), திறந்த ஹாப்ஸ் பொட்டலம், காலாவதியான ஈஸ்ட் எல்லாம் குப்பைக்கு. ஹாப்ஸ் பாலாடைக்கட்டி மாதிரி நாறினால் அது செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டரை 20 டிகிரி வடிநீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்டவேண்டும். நம் அறைச் சூட்டில் அளந்தால் இரண்டு மூன்று புள்ளி (0.002, 0.003) குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள், இதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் கணக்கில் இடிக்கிறது என்று புலம்புகிறார்கள்.

சரி, இப்போது வகை.

குளிரில் புளிக்கவைக்கிற லாகர் பியர்மேல் எல்லாருக்கும் ஆசைதான், 1932இலிருந்து டைகர் லாகர் குடித்துப் பழகிய ஊர் இல்லையா. ஆனால் அதன் ஈஸ்ட் 10 முதல் 13 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பல வாரம் என்று கேட்கும். தனி ஃப்ரிட்ஜும் அதற்கு ஒரு சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் கடையில் வாங்கிவிடுங்கள், உங்களால் அந்த விலைக்கு அதைவிட நன்றாகச் செய்ய முடியாது. மங்கலான, பழச்சாறு மாதிரி இருக்கிற ஐபிஏ இன்னும் மோசமான தேர்வு. சூட்டைச் சமாளித்தாலும் பாட்டிலில் அடைக்கும்போது புகுகிற காற்றே அதைக் கெடுத்துவிடும், இரண்டு வாரத்தில் பழுப்பாகி ஈர அட்டைப்பெட்டி ருசி வரும். கெக், அதாவது வாயு அழுத்தி பியர் அடைக்கிற உலோகக் கலம் வைத்திருப்பவர்கள் விளையாட்டு அது.

ஐபிஏவின் மெல்லிய தம்பியான பேல் ஏல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வாளி கொள்கிற ஐஸ்பெட்டி ஒன்றை வாங்கி, தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, காலையில் இரண்டு ராத்திரி இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் 20, 21இல் நிறுத்தலாம். முதல் நான்கு நாள்தான் முக்கியம், அதற்குப் பிறகு சூடு ஏறினாலும் பெரிய பாதகமில்லை. ஆனால் அந்த நான்கு நாளும் வீட்டில் ஐஸ்கிரீமுக்கு இடம் இருக்காது, அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சூட்டை எதிர்த்து நிற்காமல் அதோடு போகிற வகைகள் எனக்குத் தெரிந்து மூன்று. முதலாவது பெல்ஜியத்துப் பண்ணை பியரான செசோன். பெல் செசோன் என்ற உலர் ஈஸ்ட் 30 டிகிரியைத் தாண்டியும் சிரித்துக்கொண்டே வேலை செய்யும், மிளகு வாசனை வரும், வறட்டு வறட்டென்று இனிப்பே இல்லாமல் முடியும், காரமான மீன் தலைக் கறிக்கு அதைப் போல் ஜோடி கிடையாது. ஒரே எச்சரிக்கை, சாதாரண ஈஸ்ட் தொடாமல் விடுகிற சர்க்கரையையும் இது தின்னும். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும், வாளியில் மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த பியரையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, வெப்பமண்டல ஸ்டவுட் என்கிற கறுப்பு பியர். இலங்கை லயன் ஸ்டவுட் குடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல், கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு. வறுத்த மால்ட் சின்னச் சின்னத் தப்புகளை மறைத்துவிடும், ஆனால் அவ்வளவு கனமான பியரை முதல் தடவையிலேயே தொடவேண்டாம்.

மூன்றாவதுதான் என் தேர்வு: வொஸ் கிவெய்க் ஈஸ்ட்டில் கோதுமை பியர். நார்வேயின் மேற்குப் பகுதியில் வொஸ் என்ற ஊர்ப்பக்கத்துப் பண்ணைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சி, எடுத்து, உலர்த்தி வைத்த ஈஸ்ட் இது. குளிர்நாட்டு ஈஸ்ட் 35 முதல் 40 டிகிரி கேட்கிறது என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மூன்று நாளில் வேலையை முடித்துவிடும், லேசாக ஆரஞ்சு வாசனை விடும். அதனால் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிற பெல்ஜியக் கோதுமை பியரான விட்பியரின் பாதையில் அதை நடத்துகிறேன். அந்த வகையே அழிந்துபோய், 1960களில் பியேர் செலிஸ் என்பவர் ஹூகார்டன் ஊரில் மறுபடி உயிர் கொடுத்தது. கொத்தமல்லி விதையை நம் லிட்டில் இந்தியாவான தேக்காவில் வாங்கிக்கொள்ளலாம், அந்த வகையில் பெல்ஜியக்காரர்களைவிட நாம் பணக்காரர்கள்.

10 லிட்டருக்குக் கணக்கு: பில்ஸ்னர் மால்ட் 1.3 கிலோ, கோதுமை மால்ட் 1 கிலோ, உடைத்து வாங்குங்கள். 20 லிட்டர் பாத்திரம் ஒன்று, பிரியாணி அண்டா போதும், உள்ளே போட பெரிய வலைத்துணிப் பை. குழாய்த் தண்ணீர் 15 லிட்டர். அதில் கிருமி கொல்லப் போடுகிற குளோரமின் இருக்கும், கொதிக்கவைத்தால் லேசில் போகாது, மால்ட்டோடு சேர்ந்தால் பிளாஸ்திரி வாடை கொடுக்கும். கேம்டன் என்கிற சல்பைட் மாத்திரையில் கால் துண்டைப் பொடித்துக் கலக்குங்கள், சில நிமிடத்தில் காரியம் முடிந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு இது தெரியாது, என் பழைய பியர்கள் ஏன் மருந்துக்கடை மாதிரி மணத்தன என்று இப்போதுதான் புரிகிறது.

தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கிப் பையோடு மால்ட்டை இறக்கினால் 67க்கு வந்து நிற்கும். கட்டி தட்டாமல் கிளறுங்கள், மூடி, பழைய கம்பளி சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், அந்த நேரத்தில் மற்ற சாமானைக் கழுவலாம். பிறகு பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடவேண்டும், ஜன்னலைத் திற, காற்றாடியைப் போடு, இல்லாவிட்டால் அலமாரிக் கதவெல்லாம் ஊறிவிடும். கொதி வந்ததும் சாஸ் (Saaz) என்ற செக் நாட்டு ஹாப்ஸ் 15 கிராம். கடைசி ஐந்து நிமிடத்தில் உரலில் ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை 7 கிராம், இரண்டு ஆரஞ்சின் தோல், மேல்தோல் மட்டும், வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். கூடவே ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடி, கிவெய்க் பசியோடு இருந்தால் முரண்டு பிடிக்கும்.

ஆறவைப்பதில்தான் இந்த ஈஸ்ட் நம்மைக் காப்பாற்றுகிறது. நம் குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரியில் வருகிறபோது வோர்ட்டை, அதாவது கொதித்த மால்ட் சாற்றை, 20க்கு இறக்க மூட்டை மூட்டையாக ஐஸ் வேண்டும், 35 போதும் என்றால் சிங்கில் தண்ணீர் நிரப்பி, ஒன்றிரண்டு முறை மாற்றினாலே ஆகிவிடும். இதிலிருந்து வோர்ட்டைத் தொடுகிற எல்லாமே சானிடைசரில் முங்கி எழுந்திருக்கவேண்டும். வாளிக்கு மாற்றி, நன்றாக ஆட்டி, 11 கிராம் பொட்டலத்தில் பாதியைத் தூவி, பாம் ஷெல்டரில் வைத்து மூடிவிடுங்கள். இருட்டு, காற்றோட்டம் குறைவு, இந்த ஈஸ்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை.

ஆரம்ப அடர்த்தி 1.050 பக்கம் இருக்கும். ஐந்தாம் நாள் அளந்து பாருங்கள், 1.011 ஒட்டி வந்து, இரண்டு நாள் கழித்தும் அதே எண் நின்றால் அடைக்கலாம், ஆல்கஹால் 5 சதவீதம் சுமாருக்கு வரும். குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 70 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்து, கெட்டியான பியர் பாட்டில்களில் அடையுங்கள். சீமைக்காரர்கள் கொடுக்கிற அளவு இதைவிடக் குறைவாக இருக்கும், நம் சூட்டில் புளித்த பியரில் கரைந்து நிற்கிற வாயு குறைவு, அதனால்தான் கூட்டியிருக்கிறேன். ஒரு வாரம் வெளியே, மூன்று நாள் ஃப்ரிட்ஜில்.

பிழிந்த சக்கையைக் குப்பைக் குழாயில் அப்படியே கொட்டாதீர்கள், மறுநாள் காலைக்குள் புளித்து மாடி முழுக்க நாறும். கொஞ்சம் எடுத்து அரைத்து அடை மாவில் கலந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. வாளியின் அடியில் தங்குகிற ஈஸ்ட் வண்டலைச் சுத்தமான ஜாடியில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த முறைக்குப் பொட்டலம் வாங்கவேண்டாம், ஆனால் ஜாடியின் மேல் பெரிய எழுத்தில் என்னவென்று எழுதி ஒட்டுங்கள். என் மாமியார் அதை அரைத்த தேங்காய் என்று நினைத்துக் குழம்பில் போடவிருந்தார், கடைசி நொடியில் வாசனை பிடித்துப் பார்த்ததால் அன்றைய சாப்பாடு தப்பியது.