கேரளா லாட்டரியில் 1 கோடி விழுந்தால்: சீட்டு முதல் வைப்புத்தொகை வரை

தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. தொண்டி, பாம்பன், மூக்கையூரிலிருந்து கேரளாவுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் அங்கே கடையில் எடுக்கும் காகிதச் சீட்டைப் பற்றியே இது. எந்த ஊர்க் கடை, எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். 2023-இல் திருவோணம் பம்பர் என்ற பெரும்பரிசுக் குலுக்கலில் தமிழ்நாட்டுக்காரர்கள் வென்றபோது, சீட்டு கேரளாவில் வாங்கியதுதானா என்று புகாரே கிளம்பியது.

1. சீட்டு. பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரு பக்கமும் நகல் எடுங்கள். ஈரமும் உப்புக்காற்றும் படாமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், லேமினேஷன் வேண்டாம். சீட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஊர் முழுக்கச் செய்தி பரவ அது ஒன்றே போதும்.

2. வாய். வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். குலுக்கல் முடிந்து 30 நாளுக்குள் சீட்டைக் கொடுத்தாக வேண்டும். நேரில் திருவனந்தபுரம் போவதைவிட வங்கி வழியே அனுப்புவதுதான் நல்லது. அதுவும் உள்ளூர்க் கிளை வேண்டாம், அங்கே எல்லாரும் தெரிந்த முகம். மதுரையிலோ ராமநாதபுரத்திலோ தேசிய வங்கி ஒன்றில் கணக்குத் தொடங்கி, சீட்டை ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். பான், ஆதார், சான்றொப்பமிட்ட புகைப்படம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது எல்லாம் தயாராக இருக்கட்டும். பெயர், படம் வெளியிட வேண்டாம் என்று ஒரு கடிதமும் சேர்த்துக் கொடுங்கள்.

3. வரி. பலர் கடன்படுவது இங்கேதான். 1 கோடியில் ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் போகும். மீதி 90 லட்சத்தில் 30 சதவீதம், அதாவது 27 லட்சம், வரியாகப் பிடிப்பார்கள். கைக்கு வருவது 63 லட்சம். வரி கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் அந்த வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் (கூடுதல் வரி) உண்டு: 2,70,000. இரண்டையும் கூட்டி அதில் 4 சதவீதம் செஸ் (கல்வி, சுகாதாரத்துக்கான மேல்வரி): 1,18,800. பிடித்தம் செய்யும்போது இவை சேர்வதில்லை. நீங்களே கட்ட வேண்டியது 3,88,800. உண்மையில் உங்கள் பணம் 59,11,200 மட்டுமே. பணம் வந்த அன்றே 4 லட்சத்தைத் தனி வைப்பில் போடுங்கள். அட்வான்ஸ் டாக்ஸாக (முன்கூட்டிக் கட்டும் வரி) நிதியாண்டு முடிவதற்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும். வருமான வரி ரிட்டர்னை ஐடிஆர்-2 படிவத்தில் போடுங்கள், ஐடிஆர்-1 செல்லாது. ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டரைப் பிடித்துவிடுங்கள், அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

4. பணம். முதலில் சம்மாட்டியிடம் (படகு முதலாளி) வாங்கிய அட்வான்ஸ், நகைக்கடன், வட்டிக்கடன் எல்லாவற்றையும் அடையுங்கள். அடுத்த ஆறு மாதம் படகு, நிலம், கடை எதுவும் வாங்க வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு, ஆகவே வைப்பைப் பல வங்கிகளில் பிரியுங்கள். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் போடலாம். தொழில் இல்லாத மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த வட்டி அடுப்பெரிக்கும். ஒவ்வொரு கணக்கிலும் நாமினி எழுதுங்கள். கடற்கரை நிலம் என்றால் வில்லங்கச் சான்றோடு கடலோர ஒழுங்குமுறை எல்லையையும் (கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள பகுதி) பார்த்த பிறகே முன்பணம்.

பின்னர் சேர்த்தது: மூன்று பேர் காசு போட்டு எடுத்த சீட்டு என்றால் ஒருவர் பெயரில் மட்டும் கொடுக்காதீர்கள், முழு வரியும் அவர் பான் எண்ணில் விழும். முத்திரைத்தாளில் மூவரும் எழுதி, நோட்டரி சான்றோடு கொடுத்து, வரிப்பிடித்தம் மூன்று பான் எண்ணிலும் பதியக் கேளுங்கள். ஆளுக்கு 30 லட்சம், 50 லட்சத்தைத் தொடாது, சர்சார்ஜே வராது.

"உங்களுக்குப் பரிசு, முதலில் ஜிஎஸ்டி கட்டுங்கள்" என்று ஃபோன் வந்தால் மோசடிதான். பணம் அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.