வேலூரில் சுயாதீனப் பட விழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேனரில் எழுத்துப்பிழை, மைக்கில் பேட்டரி தீர்ந்துபோவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஒவ்வொரு வருடமும் புதிதாக விழா நடத்த வருகிறவர்கள் விழும் பள்ளம் வேறு.

இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு ‘காப்பி ஓகே’ என்பது

எரிச்சலூட்டுவது இதுதான். படத்தின் முதல் இரண்டு நிமிடத்தில் என்ன இருக்கும்? நன்றி அட்டை, பெயர்கள், கொஞ்சம் இசை. வசனம் இருக்காது, சப்டைட்டில் இருக்காது. கோளாறு வருவதோ வசனத்திலும் சப்டைட்டிலிலும்தான்.

கல்லூரி அரங்கில் லேப்டாப்பிலிருந்து ஓட்டுகிறீர்கள். வந்த ஃபைல் 5.1 ஒலி, அதாவது ஆறு சேனல், அதில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். அரங்கில் இடமும் வலமுமாக இரண்டே ஸ்பீக்கர். பிளேயர் அதை ஸ்டீரியோவாகக் கலக்காவிட்டால் மழை கேட்கும், பின்னணி இசை கேட்கும், நாயகி வாயை மட்டும் அசைப்பாள். ஆபரேட்டர் வால்யூமைக் கூட்டுவார். மழைதான் பலமாகப் பெய்யும். பிளேயரின் ஆடியோ அமைப்பில் ஸ்டீரியோ என்று மாற்றிப் பாருங்கள். அதைவிட, படம் வாங்கும்போதே ஸ்டீரியோ மிக்ஸையும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் சப்டைட்டில் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். இன்னொன்று: படம் விநாடிக்கு 24 ஃபிரேம், சப்டைட்டிலோ 25 ஃபிரேம் பிரதிக்குச் செய்தது என்றால், தொடக்கத்தில் பொருந்துவதுபோல் இருக்கும், 90 நிமிடப் படம் முடியும்போது சப்டைட்டில் மூன்றரை நிமிடம் முந்தியிருக்கும். இரண்டு நிமிடச் சோதனையில் இது எப்படித் தெரியும்?

ஆகவே அதே அரங்கம், அதே லேப்டாப், அதே கேபிள். முந்தைய நாளே முழுப்படத்தையும் ஓட்டுங்கள். நேரமில்லையா, வசனம் வரும் ஐந்து இடங்களும் கடைசிப் பத்து நிமிடமும்.

வந்த டிஸ்கை விண்டோஸில் செருகுவது

டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி, பெரும்பாலும் லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கில் வரும். விண்டோஸுக்கு அது புரியாது, ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். அவசரத்தில் ஒரு தன்னார்வலர் ‘ஆம்’ அழுத்தினால் போச்சு. வந்தவுடன் இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள்.

கேடிஎம் நேரத்தைப் படிக்காமல் விடுவது

கேடிஎம் என்பது பூட்டிய டிசிபிக்கு வரும் சாவி. ஒரு தியேட்டரின் ஒரு சர்வருக்கு மட்டும்தான், அதுவும் குறித்த நேரத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யும். பக்கத்து ஸ்கிரீனுக்கு மாற்றினால் திறக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் சாவியில் தொடக்க நேரம் கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு என்றிருந்தால் நமக்குக் காலை 5.30. காட்சிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சேர்த்துக் கேளுங்கள்.

‘விழாதானே, சென்சார் எதற்கு?’

சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுவில் திரையிட, 1952 சினிமாட்டோகிராஃப் சட்டம் 9ஆம் பிரிவின்கீழ் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். போஸ்டர் அடிக்கும் முன் விண்ணப்பியுங்கள்.

ஜெனரேட்டரை மட்டும் நம்புவது

கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ப்ரொஜெக்டர் அணைந்துவிடும். லாம்ப் சூடு ஆறாமல் மறுபடி எரியாது. ப்ரொஜெக்டருக்கும் லேப்டாப்புக்கும் யூபிஎஸ் போடுங்கள்.

மே மாதத்தில் வைப்பது

வேலூர்க்காரருக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

கடைசிக் காட்சியை இழுப்பது

90 நிமிடப் படத்துக்கு 90 நிமிடம் ஒதுக்கினால் இயக்குநரோடு கேள்வி பதில் எங்கே போகும்? 20 நிமிடம் அதற்கு, 15 நிமிடம் ஆள் மாற. குடியாத்தம், ஆம்பூர், ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழுந்தால் குறை படத்தில் இல்லை.